ஒப்புமையும் உறுதியும்: ஒரு சிறு சாதனம் எழுப்பும் அறவினா

1

எளியது என்னும் சொல் நமது மொழியிற் பெரும்பாலும் புகழ்ச்சிச் சொல்லாகவே வழங்கி வருகின்றது. எளிய வாழ்க்கை, எளிய நடை, எளிய உணவு என்று கூறுமிடத்து எளிமையை நாம் ஒரு நற்பண்பாகவே கொள்கின்றோம். ஆயின், ஒரு பொருள் எளியது என்பதிலிருந்து அது தீங்கற்றது என்னும் முடிவுக்கு மனம் எத்துணை விரைவாகத் தாவுகின்றது என்பதை நாம் கவனிப்பதில்லை. ஓர் ஊசியும் எளியது. ஒரு நூலும் எளியது. அவை எங்கே வைக்கப்படுகின்றன, எவ்வளவு காலம் அங்கே தங்குகின்றன என்பவற்றைக் கேளாது அவற்றின் நன்மை தீமைகளைக் கூறுதல் இயலாது.

பெண்ணோயியல் வைத்தியத்திற் பயன்படும் சாதனங்கள் பல இத்தகைய எளிய பொருள்களே. விரற்கடையளவான பிளாஸ்டிக் துண்டு, இறப்பராலான சிறு கிண்ணம், நைலோன் நூல், செயற்கை இழையாற் பின்னிய வலைத் துண்டு ஆகியவற்றில் விளங்கிக்கொள்ள முடியாத பொறிநுட்பம் எதுவுமில்லை. எனினும் கடந்த அரை நூற்றாண்டில் இவற்றைச் சுற்றி எழுந்த துன்பங்களும் வழக்குகளும் விசாரணைகளும் பல. அவ்விசாரணைகள் யாவற்றுக்கும் அடியில் ஒரே வினா நிற்கின்றது: இத்தகைய சாதனமொன்றை விற்கலாம் என ஓர் அரசு அனுமதிக்கும்போது, அந்த அனுமதி யாருக்கு, எதனை உறுதி கூறுகின்றது?

இவ்வினாவிற் சம்பந்தப்பட்டோர் நால்வர்: சாதனத்தை ஆக்குபவர், அனுமதி வழங்குபவர், அதனைப் பொருத்தும் வைத்தியர், அதனைத் தன் உடலிலே தாங்கும் பெண். முதல் மூவருக்கும் அனுமதி என்னும் சொல்லின் பொருள் ஓரளவு தெரியும். நான்காமவளுக்கு அச்சொல் மட்டுமே வந்து சேருகின்றது. ஆகவே இதனை வெறும் சட்ட நடைமுறையாகக் கொள்ளாது, அறிவின் ஆதாரம் பற்றிய அளவையியல் வினாவாகவும், ஒருவர் மற்றவர்க்குக் கடமைப்பட்டிருப்பது பற்றிய அறவியல் வினாவாகவும் நோக்குதல் பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவின் அனுபவமே இங்கு பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றது. அங்கு நிகழ்ந்தவை நீதிமன்றங்களிலும் அரசாங்கப் பதிவுகளிலும் விரிவாகப் பதிவாகியுள்ளமையே அதற்குக் காரணமாகும்.

2

1970ஆம் ஆண்டு பெப்ரவரியில், யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியரான ஹியூ டேவிஸ் ஒரு புதிய கருத்தடைச் சாதனம் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். கருப்பையினுட் பொருத்தப்படும் சாதனங்களை நம் நாட்டிற் பொதுமக்கள் ‘லூப்’ என்பர். 1960களிற் பரவிய லிப்பஸ் லூப் என்னும் சாதனத்தின் வழிவந்த பெயர் அது. டேவிஸின் சாதனமோ வளைய வடிவினதன்று. இருபுறமும் முட்கள் போன்ற துருத்தல்களைக் கொண்டு நண்டின் தோற்றத்தை ஒத்திருந்தது. டல்கன் ஷீல்ட் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். ‘ஷீல்ட்’ என்றால் கேடயம்.

640 பெண்களிடம் இச்சாதனம் பொருத்தப்பட்டதாகவும், ஐவரே கருவுற்றதாகவும், கருவுறும் வீதம் 1.1 எனவும் அக்கட்டுரை கூறிற்று. ஆய்வு ஓராண்டுக் காலம் நடந்ததெனினும், சராசரியாக ஒரு பெண் அதனைப் பயன்படுத்திய காலம் ஆறு மாதத்திலும் குறைவானது. சாதனத்தின் விற்பனையில் ஆய்வாளருக்கே பொருளாதார நலன் இருந்தமையும் கட்டுரையிற் கூறப்படவில்லை. அதே ஆண்டு ஏ. எச். ரொபின்ஸ் என்னும் கம்பனி அதன் உரிமையை வாங்கியது. 1971 ஜனவரியில் நாடெங்கும் விற்பனை தொடங்கிற்று. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதனைப் பயன்படுத்தினர்.

இவ்விற்பனைக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை என்பதே இவ்விடத்து நோக்கற்பாலது. 1938ஆம் ஆண்டின் சட்டம் புதிய மருந்தொன்றின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்னரே காட்டவேண்டும் என்றது. தலிடோமைட் துயரத்தை அடுத்து 1962இல் மருந்தின் பயனையும் நிறுவவேண்டும் எனச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. சாதனங்களுக்கோ இந்நியதி இல்லை. அவை தீங்கு விளைத்தபின் அரசு தலையிடலாம் என்பதே நிலை. விழுங்கும் மாத்திரை ஒன்று ஆய்வைக் கடந்தே வரவேண்டும். ஆண்டுக்கணக்கிற் கருப்பையினுள் தங்கும் பிளாஸ்டிக் துண்டு நேரே சந்தைக்கு வரலாம். விழுங்குவது மருந்து, வைப்பது பொருள் என்ற சொல் வேறுபாட்டை உடல் அறியாது.

தீங்கு நூலின் வழியே வந்தது. இவ்வகைச் சாதனங்களின் அடியில், அது தன் இடத்திலே உள்ளதா எனப் பார்ப்பதற்கும் பின்னர் அகற்றுவதற்கும் ஒரு நூல் தொங்கும். ஏனைய சாதனங்களில் அது ஒற்றை இழையாக இருந்தது. டல்கன் ஷீல்டில் மட்டும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் ஓர் உறையினுள் அடங்கியிருந்தன. அவ்வுறையின் முனைகள் மூடப்படவில்லை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவதுபோல, அந்த இழைகளின் இடைவெளி கிருமிகளைக் கருப்பைக்கு ஏற்றிச் சென்றது. சாதனம் இருக்கும்போதே கருவுற்ற சில பெண்கள் கடும் கிருமித் தொற்றினாற் கருச்சிதைவுற்று இறந்தனர். வேறு பலர் இடுப்பறை அழற்சியினாற் பிள்ளைப்பேற்றை இழந்தனர். 1974 யூனில் அமெரிக்க உணவு, ஔடத நிருவாகத்தின் வேண்டுகோளின் பேரில் விற்பனை நிறுத்தப்பட்டது. நூல் திரிபோற் செயற்படக்கூடும் என்ற ஐயம் நாடளாவிய விற்பனை தொடங்குமுன்னரே கம்பனிக்குள் எழுந்திருந்தமை பின்னர் வழக்குகளின்போது வெளிவந்தது. 1985 ஓகஸ்டிற் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்பை நாடிற்று. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் நட்டஈடு கோரினர்; அவர்களுக்கென ஏறத்தாழ 250 கோடி டொலர் நிதியம் அமைக்கப்பட்டது.

3

இத்துயரின் பின்னணியில் 1976 மே 28ஆம் திகதி மருத்துவச் சாதனத் திருத்தச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அது சாதனங்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. ஆபத்துக் குறைந்தவை முதலாம் வகுப்பு. இடைப்பட்டவை இரண்டாம் வகுப்பு. ஆபத்து மிக்கவை மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புச் சாதனத்தை ஆக்குபவர் அதன் பாதுகாப்பையும் பயனையும் சான்றுகளால் நிறுவிய பின்னரே விற்பனைக்கு அங்கீகாரம் பெறலாம்.

இத்துடன் வேறொரு வழியும் திறக்கப்பட்டது. சட்டத்தின் 510ஆம் பிரிவின் ‘கே’ உட்பிரிவு என்பது அதன் பெயர். புதிய சாதனமொன்று ஏற்கெனவே சட்டப்படி சந்தையிலுள்ள ஒரு சாதனத்துக்குக் கணிசமான அளவு சமமானது எனக் காட்டினால், முன்னையது எந்த வகுப்பிலுள்ளதோ அந்த வகுப்பில் அதுவும் விற்கப்படலாம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் மனிதரிடத்து ஆய்வு நடத்திக் காட்டவேண்டிய தேவையில்லை. 1990ஆம் ஆண்டின் சட்டம் இச்சமநிலையை வரையறுத்தது: பயன்பாட்டு நோக்கம் ஒன்றாக இருத்தல் வேண்டும், தொழினுட்பம் ஒன்றாக இருத்தல் வேண்டும், அன்றேல் வேறுபாடுகள் பாதுகாப்புப் பற்றிய புதிய வினாக்களை எழுப்பாதிருத்தல் வேண்டும்.

இதன் நியாயத்தை நாம் மறுத்தல் ஆகாது. ஒவ்வொரு கத்தரிக்கும், ஒவ்வொரு கையுறைக்கும், பழைய கருவியொன்றின் சிறு திருத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கான ஆய்வு வேண்டும் என்றால் வைத்தியம் நடைபெறாது. நன்கறிந்த ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு அதனையொத்த மற்றதை ஏற்பது அன்றாட வாழ்விலும் நாம் செய்வதே. ஆயின் ‘நன்கறிந்த ஒன்று’ என்னும் நிபந்தனை அங்கு மறைந்துவிட்டது. 1976இற்கு முன் சந்தையில் இருந்தவற்றுட் பல எவராலும் ஆராயப்படாதவை. இருந்தமையே அவற்றின் தகுதி. ஆராயப்படாத ஒன்றோடு ஒத்திருத்தல் மற்றொன்றுக்கு எவ்வாறு சான்றாகும்?

4

நமது மரபின் அளவை நூல்கள் இவ்விடத்து உதவுகின்றன. மணிமேகலை தொகுத்துக் கூறும் அளவைகள் பத்தனுள் ஒப்பும் ஒன்று. சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. ஒப்பு தனித்து நிற்கும் அளவையா, பிறவற்றுள் அடங்குவதா என்பது பற்றி இந்தியத் தத்துவ மரபுகளிடையே நீண்ட வாதம் நிகழ்ந்துள்ளது. ஆயினும் ஒப்பினைத் தனி அளவையாக ஏற்ற நியாய நூலாரும் அதற்கு விதித்த எல்லை மிகக் குறுகியது. அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு யாவரும் அறிந்தது. காட்டில் ஆமா என்றொரு விலங்கு உண்டு, அது பசுவைப் போன்றது எனக் கேட்டறிந்தவன், காட்டிற் சென்று அவ்விலங்கைக் காணுமிடத்து ‘ஆமா எனப்படுவது இதுவே’ என அறிகின்றான்.

அவன் அறிந்தது யாது? ஒரு பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு. அவ்விலங்கு கறக்குமா, உதைக்குமா, அதன் பால் குழந்தைக்கு ஆகுமா என்பவற்றை அவன் அறியவில்லை. பசுவை ஒத்திருப்பதால் அதுவும் பசுவைப்போலச் சாதுவானது என அவன் முடிவு செய்து அருகிற் சென்றால், அது ஒப்பளவை ஆகாது. சான்றில்லாத கருதலளவை ஆகும். கருதலுக்கு நியதியான தொடர்பு ஒன்று வேண்டும். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அத்தொடர்பு உண்டு. தோற்றமும் நோக்கமும் ஒத்தவிடத்துத் தீங்கின்மையும் ஒத்திருக்கும் என்பதற்கு அத்தகைய தொடர்பு இல்லை. டல்கன் ஷீல்ட் நோக்கத்தில் ஏனைய சாதனங்களை ஒத்தது. பிளாஸ்டிக்கினால் ஆனமையில் ஒத்தது. நூல் ஒன்று தொங்கியமையிலும் ஒத்தது. வேறுபட்டது நூலின் உள்ளமைப்பு மட்டுமே. உயிர்களைக் கொண்டதும் அதுவே.

இன்னொரு குறையும் உண்டு. சமம் என்பது கணிதத்திற் கடந்து செல்லும் உறவு. முதலாவது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் சமமாயின் முதலாவதும் மூன்றாவதும் சமம். ஒப்பு அத்தகையதன்று. தந்தையை மகன் ஒத்திருப்பான், மகனைப் பேரன் ஒத்திருப்பான். பேரனிடத்துப் பாட்டனின் சாயல் எதுவுமில்லாதிருக்கலாம். ஒவ்வொரு படியிலும் வேறுபாடு சிறிது. படிகளின் முடிவில் அது பெரிது. ‘கணிசமான அளவு சமம்’ என்னும் தொடரில் ‘கணிசமான அளவு’ ஒப்பின் மொழி. ‘சமம்’ கணிதத்தின் மொழி. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தியதால், ஒப்பின் தளர்ச்சிக்குக் கணிதத்தின் உறுதி வந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் ஏற்பட்டது.

5

இம்மயக்கத்தின் விளைவைச் சத்திரசிகிச்சை வலையின் வரலாற்றிற் காணலாம். வயிற்றுக் குடலிறக்கத்தைச் சீர்செய்ய வலைத் துண்டுகள் 1976இற்கு முன்னரே பயன்பட்டன. பிள்ளைப்பேற்றின் பின்னரும் முதுமையிலும் பெண்களுக்கு ஏற்படும் சிறுநீர்க் கசிவுக்கும் கருப்பை இறக்கத்துக்கும் அத்தகைய வலையையே யோனி வழியாகப் பொருத்தலாம் என்ற எண்ணம் பின்னர் தோன்றியது. 1996இல் புரொட்டிஜன் என்னும் வலைப்பட்டி ஒப்புமை வழியே அனுமதி பெற்றது. அதனை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் காட்டி 1998இல் வேறொரு கம்பனியின் வலைப்பட்டி அனுமதி பெற்றது. 1999இல் புரொட்டிஜன் தீங்குகள் காரணமாகச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. ஆயின் அதனை ஒத்ததென அனுமதி பெற்ற மற்றதன் அனுமதி அதனாற் பாதிக்கப்படவில்லை. தாய்மரம் வீழ்ந்தபின்னும் அதன் பெயரால் வழங்கிய சான்றிதழ் நின்றது.

நடுநிலையோடு ஒன்று கூறுதல் வேண்டும். 1998இல் வந்த அந்தப் பட்டி பின்னர் பல ஆய்வுகளுக்கு உட்பட்டது. சிறுநீர்க் கசிவால் வருந்திய பெண்கள் பலருக்கு அது பயன்பட்டமையை அவ்வாய்வுகள் காட்டின. இது ஒப்புமை வழிக்குச் சாதகமான சான்றுபோலத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. தோல்வியுற்ற ஒன்றை ஒத்திருந்தும் அது பயன்பட்டதெனில், ஒத்திருத்தல் எதையும் அறிவிக்கவில்லை என்பதே பொருள். அதன் தகுதியை அறிவித்தவை பின்வந்த ஆய்வுகள்.

கருப்பை இறக்கத்துக்கான வலைகளில் இந்நற்பேறு வாய்க்கவில்லை. 2002ஆம் ஆண்டு முதல் அவை ஒப்புமை வழியே அனுமதி பெற்றன. வலை சுருங்கி இறுகுதல், மென்றசையை அறுத்து வெளிவருதல், தீராத வலி, தாம்பத்திய வாழ்வு குலைதல் என முறைப்பாடுகள் பெருகின. 2008இலும் 2011இலும் நிருவாகம் எச்சரிக்கைகளை விடுத்தது. 2016இல் இவ்வலைகள் மூன்றாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டன. 2019 ஏப்பிரலில், எஞ்சியிருந்தவற்றின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. அவற்றின் நன்மை தீமையை விஞ்சியது என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்பது கூறப்பட்ட காரணம். முதல் அனுமதிக்கும் இந்த வினாவுக்கும் இடையிற் கழிந்தவை பதினேழு ஆண்டுகள். அக்காலத்தில் வலையைத் தாங்கிய பெண்கள் அறிந்தோ அறியாமலோ அந்த வினாவுக்கு விடையாகவே வாழ்ந்தனர்.

இங்கேதான் அறவியல் வினா கூர்மையடைகின்றது. முன்கூட்டி ஆராயாது விற்பதனால் ஆராய்ச்சி தவிர்க்கப்படுவதில்லை. ஆராய்ச்சி இடம் மாறுகின்றது. சம்மதம் கேட்டுக் கணக்கெடுத்து நடத்தப்படவேண்டிய சோதனை, சம்மதமும் கணக்கும் இன்றி, பணம் கொடுத்து வாங்கியவர் மீது நடத்தப்படுகின்றது. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற காண்டின் அறநெறி ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று.

6

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, எல்லாச் சாதனங்களுக்கும் அதியுயர்ந்த சான்று கோருவதே அறம் எனச் சிலர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு அவசரமானது. அதே நாட்டின் வரலாற்றில் இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு.

கருப்பைக் கழுத்தின்மேற் பொருந்தும் சிறு இறப்பர் மூடி மிகப் பழைய கருத்தடைச் சாதனங்களுள் ஒன்று. ஜேர்மனிய வைத்தியர் வைல்ட் 1838இல் அத்தகைய மூடி பற்றி எழுதினார். இங்கிலாந்தில் அது நெடுங்காலம் பயன்பட்டது. 1970களின் பிற்பகுதியில், மாத்திரையிலும் லூப்பிலும் நம்பிக்கையிழந்த அமெரிக்கப் பெண்கள் சிலர் தம் சொந்தச் சுகாதார நிலையங்களின் மூலம் அதனை இங்கிலாந்திலிருந்து தருவிக்கத் தொடங்கினர். புதிய சட்டத்தின்கீழ்க் கருத்தடை மூடி மூன்றாம் வகுப்பில் வைக்கப்பட்டது. ஆய்வின் பகுதியாக அன்றி அதனை வழங்க முடியாத நிலை ஏற்பட்டது. ஆண்டுகள் பல ஆய்வு நடத்தி, 1988இலேயே பிரென்றிவ் என்னும் மூடிக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதனை ஒத்த, சற்றுப் பெரிய இறப்பர்த் தடுப்பான ‘டயபிரம்’ இரண்டாம் வகுப்பில் இருந்தது. மாதவிடாய்க் குருதியைச் சேகரிப்பதற்கான அதே வடிவக் கிண்ணமும் இரண்டாம் வகுப்பிலேயே இருந்தது. பொருள் ஒன்றே, கூறப்படும் நோக்கம் மாறியதும் வகுப்பு மாறிற்று.

இக்காத்திருப்பு முற்றிலும் வீணானதன்று. ஆய்வின் பயனாகவே, கருப்பைக் கழுத்துச் சோதனை சாதாரணமாக உள்ளவர்க்கே மூடியைக் கொடுக்கவேண்டும் எனவும், மூன்று மாதத்தின் பின் மீண்டும் சோதிக்கவேண்டும் எனவும் நிபந்தனை விதிக்கப்பட்டது. எனினும் இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். பெண் தன் கையாலேயே எடுத்துவிடக்கூடிய மூடிக்கு நெடிய ஆய்வு கேட்கப்பட்டது. தேர்ந்த சத்திரசிகிச்சையாளராலும் முழுமையாக அகற்ற முடியாத வலைக்கு ஒப்புமை போதும் எனப்பட்டது.

ஆகவே குறை கடுமையிலும் இல்லை, தளர்ச்சியிலும் இல்லை, அளவுகோலிலே உள்ளது. சாதனத்தின் வடிவம் பழையதா புதியதா என்பதை அளவுகோலாகக் கொண்டமையே பிழை. அதற்குப் பதிலாக மீளமுடியாமையை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தீங்கு நேர்ந்தால் அதனைத் தாங்குபவள் தானே அகற்றலாமா? வைத்தியரிடம் செல்லவேண்டுமா? சென்றாலும் அகற்ற இயலுமா? அகற்றியபின் உடல் முன்னைய நிலைக்கு மீளுமா? இவ்வினாக்களுக்குரிய விடை கடினமாகக் கடினமாக, முன்கூட்டிக் கேட்கவேண்டிய சான்றும் உயர்தல் வேண்டும். மூடியிலும் ஆபத்து உண்டு. அது தவறினால் விரும்பாத கரு உண்டாகும், அதுவும் மீளமுடியாத விளைவாகலாம். ஆயின் அத்தவறு அப்பெண்ணுக்குத் தெரியக்கூடியது. மாற்று வழியை அவள் நாடலாம். வலையின் தவறு அவள் உடலோடு ஒன்றிவிடுகின்றது.

7

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. தாமதமும் கொல்லும் என்பதே அது. கருத்தடைச் சாதனம் கிடைக்காத இடத்துப் பெண்கள் பாதுகாப்பற்ற கருச்சிதைவாலும் அடுத்தடுத்த பேறுகளாலும் இறக்கின்றனர். சான்று சான்று எனக் காத்திருப்பவர் அவ்விறப்புகளைக் கணக்கிற் கொள்வதில்லை. தீய சாதனத்தாற் கெட்டவர் நீதிமன்றம் செல்கின்றார். வராத சாதனத்தாற் கெட்டவருக்கு வழக்கும் இல்லை, பெயரும் இல்லை.

இவ்வாட்சேபம் உண்மையானது. ஆயின் டல்கன் ஷீல்டின் பிற்காலம் இதற்கு ஒரு விடை தருகின்றது. வழக்குகளின் அச்சத்தினாலும் காப்புறுதிச் செலவினாலும், 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் லிப்பஸ் லூப்பும் செப்புச் சாதனங்களும் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றிடம் அந்தத் திரி நூலின் குற்றம் இல்லை. 1988இற் புதிய செப்புச் சாதனம் ஒன்று வரும்வரை அந்நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த தெரிவு மிகச் சுருங்கியது. ஆராயாது விற்ற ஒன்று, ஆராய்ந்து விற்றவற்றையும் தன்னுடன் இழுத்து வீழ்த்தியது. நல்ல சாதனம் விரைவாக மக்களைச் சேரவேண்டும் என விரும்புபவரே சான்றை முதலிற் கோரவேண்டியவர். நம்பிக்கை ஒருமுறை சிதைந்தால் நல்லதும் ஏற்கப்படாது.

தாமதம் பற்றிய வாதம் எங்கே பெரிதும் பயன்படுத்தப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். டல்கன் ஷீல்ட் குடும்பத்திட்ட உதவியாக அமெரிக்க அரசின் அபிவிருத்தி முகவரகத்தின் வழியே வறிய நாடுகளுக்கும் இலட்சக்கணக்கில் அனுப்பப்பட்டது. கிருமிநீக்கம் செய்யப்படாத நிலையில் மொத்தமாகப் பொதி செய்யப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. உள்நாட்டில் விற்பனை நின்ற பின்னரும் வெளிநாடுகளில் அது சிலகாலம் தொடர்ந்தது. வறியவளுக்கு ஆபத்து அதிகம், ஆகவே அவளுக்குக் குறைந்த சான்று போதும் என்பது இங்கு மறைந்திருந்த நியாயம். உண்மையில் வைத்தியசாலை தொலைவில் உள்ளவளுக்கு, காய்ச்சல் கண்ட அன்றே வைத்தியரைக் காண இயலாதவளுக்கு, சாதனத்தின் குற்றம் மேலும் கொடியது. மீளும் வாய்ப்புக் குறைந்தவரிடத்துச் சான்றின் கடமை கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை.

இறக்குமதி செய்து வாழும் சிறிய நாடுகளுக்கு இது வெறும் வரலாறு அன்று. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருள்களையும் உபகரணங்களையும் ஔடதங்களையும் ஒரே சட்டத்துள் அடக்கியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அதனிடத்துத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. சட்டம் எதுவாயினும், வேறொரு நாட்டிற் கிடைத்த அனுமதியைச் சான்றாகக் காட்டி வரும் சாதனத்தின் முன் ஒரு வினா எழவேண்டும்: அந்த அனுமதி சான்றை ஆராய்ந்து வழங்கப்பட்டதா, ஒப்புமையைப் பார்த்து வழங்கப்பட்டதா? இரண்டுக்கும் வழங்கப்படும் பெயர் நம் காதில் ஒன்றாகவே விழுகின்றது.

8

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்கூறியது. ஒப்புமை வழி சமநிலையைப் பார்க்கின்றதேயன்றிப் பாதுகாப்பைப் பார்ப்பதில்லை என்பதே அதன் கருத்தின் சாரம். இவ்வழியில் வந்த சாதனத்தை அரசு அங்கீகரித்தது எனத் தோன்றுமாறு கூறி விற்பது அந்நாட்டு விதிகளின்படியே தவறாகும். 2011இல் அந்நாட்டின் மருத்துவக் கழகம் அமைத்த குழு இவ்வழியை முற்றாக மாற்றவேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும் அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

நீதிபதிகளும் அதிகாரிகளும் அறிந்த இவ்வேறுபாடு, சத்திரசிகிச்சை மேசைக்குச் செல்லும் பெண்ணுக்குக் கூறப்பட்டதா? சம்மதம் என்பது கையொப்பம் மட்டும் அன்று. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அறிந்திருத்தலே அதன் உயிர். ‘இது அனுமதி பெற்றது’ என்று கூறி, ‘இதனை ஒத்த ஒன்று முன்னர் விற்கப்பட்டது என்பதே அதன் பொருள்’ என்ற பகுதியைக் கூறாது விடுதல், பொய்யுரைக்காது பொய்யின் பயனைப் பெறுதலாகும்.

இறுதியாகக் காண்டலளவையின் இடம் பற்றி ஒரு சொல். ஒப்பும் கருதலும் தவறும்போது நமக்கு எஞ்சுவது காட்சி. இங்கு காட்சிக்குரியவள் அப்பெண்ணே. வலி அவளுடையது, அதற்கு வேறு நேர்ச்சாட்சி இல்லை. 2020 யூலையில் பிரித்தானியாவில் வெளிவந்த கம்பர்லெஜ் அறிக்கை, வலை பொருத்தப்பட்ட பெண்கள் பல்லாண்டுகள் முறையிட்டும் அவர்களுடைய சொல் செவிமடுக்கப்படவில்லை எனக் கண்டது. பெண்களுக்கு இயல்பானதே, வயதுக்குரியதே, மனத்தின் கற்பனையே என அவர்களது முறைப்பாடு தள்ளப்பட்டது. ஆக்குபவரின் உரை சான்றாக ஏற்கப்பட்டது; முன்னைய சாதனத்தோடு உள்ள ஒப்பு சான்றாக ஏற்கப்பட்டது; அனுபவிப்பவளின் காட்சி மட்டும் சான்றாக ஏற்கப்படவில்லை. அளவை நூலோர் எவரும் இவ்வரிசையை ஒப்பார்.

சாதனம் எளியதாக இருப்பது நல்லதே. அதனை விளங்கிக்கொள்வது எளிது, மலிவாகச் செய்யலாம், தொலைவிலுள்ள கிராமத்துக்கும் கொண்டுசெல்லலாம். ஆயின் எளிமை சான்றுக்குப் பதிலாகாது. எளிய பொருளை ஆராய்வதும் எளிது. அதனாலேயே ஆராயாது விடுவதற்கு மன்னிப்பும் குறைவு. விற்பனைக்கு முன்னர் அந்த நூலின் ஒரு முனையை நிறமூட்டிய நீரிலே தோய்த்துப் பார்த்திருந்தால், நீர் மேலேறுவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அச்சோதனைக்கு வேண்டியவை ஒரு கிண்ணமும், சிறிது பொறுமையும், தாங்கப்போகிறவள் யார் என்ற நினைவுமே.